சூடு ஆறுற வரைக்கும்

நாலே காலுக்குப் பள்ளிக்கூட மணி அடிச்சா அஞ்சே நிமிஷத்துல வாத்தியாருக வண்டியெல்லாம் கேட்டத் தாண்டிரும். போடிக்குப் போற ஜீப்பு கேட்டுக்கு முன்னால நின்னு ஆரன் அடிக்கும். அந்த அக்கா மட்டும் கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள ஸ்டூலப் போட்டு உக்காந்திருக்கும். பதினாலு கம்ப்யூட்டரையும் அணைச்சிட்டு, ஒவ்வொன்னு மேலயும் பொறங்கைய வச்சுப் பாக்கும். சூடு தெரிஞ்சா கைய எடுத்துட்டு மறுபடி உக்காந்துக்கிரும். கைக்குக் குளுந்தாத்தான் துணிய எடுத்து மூடும். பதினாலும் ஆறி, பதினாலுக்கும் துணி போட்டு முடிச்சாத்தான் ரூமுக்குப் பூட்டு விழும். அதுக்குள்ள ஜீப்புக்காரன் ரெண்டு தடவ ஆரன் அடிச்சுப் பாத்துட்டுப் போயிருவான்.

எனக்குக் கடுப்பா வரும். அந்த ஜீப்ப விட்டா நானும்ல நடக்கணும். நான் அப்ப போடியில ஒரு கம்ப்யூட்டர் கடையில சர்வீஸ் பாத்துக்கிட்டு இருந்தேன். குரங்கணி ரோட்டுலேர்ந்து தேவாரம் வரைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணாலும் ஸ்க்ரூ டிரைவர் பையத் தூக்கிக்கிட்டு நான்தான் ஓடணும். "ஏக்கா, அணைச்ச பெட்டிக்கு என்னக்கா காவல்? துணியப் போட்டு மூடிட்டு வெரசா வாக்கா"ன்னு கத்துவேன். அக்கா அசையாது. சூட்டோட மூடுனா உள்ள வேர்த்துரும் தாயின்னு ஒரே பதில்தான்.

அந்தப் பதில்ல நாயம் இல்லாம இல்ல. அக்கா வீட்டுக்காரரு மலைமேல ஏலத்தோட்டத்து ஸ்டோர்ல வேலை பாத்தவரு. ஸ்டோருன்னா பச்சைக் காய அடுக்கி, விறகெரிச்சு, அந்தச் சூட்டுல உணத்தி எடுக்குற கட்டடம். உணந்த காயச் சூட்டோட மூட்டை கட்டிட்டா உள்ள வேர்த்துப் பூசணம் பிடிச்சிரும். அந்தப் பழக்கத்துல கம்ப்யூட்டரையும் காய் மாதிரி பாக்குதுன்னு வாத்தியாருக எல்லாம் கேலி பேசுவாக. அக்கா டீயக்கூட ஆறவச்சுத்தான் குடிக்கும்னு ஒரு வாத்தியாரு சொல்லுவாரு. சுத்தப் பொய். கொதிக்கக் கொதிக்கக் குடிச்சிட்டு டம்ளரக் கழுவி வச்சிரும்.

அக்கா பேரு நான் சொல்லப் போறதில்ல. சொல்ற தகுதி எனக்கு இல்லன்னு வச்சுக்கங்க. படிப்பு எட்டாவது. வேலை, கம்ப்யூட்டர் ரூமக் கூட்டணும், தொடைக்கணும், தொறக்கணும், பூட்டணும். கம்ப்யூட்டர் வாத்தியாருன்னு அங்க ஒருத்தரும் நிலைச்சு இருந்ததில்ல. வந்தவுக எல்லாம் ஒரு வருஷத்துல மாத்தல் வாங்கிட்டுப் போயிருவாக. அக்காதான் பிள்ளைகள உக்கார வைக்கும், சுவிட்சப் போடும், பாம்பு மாதிரி கெடக்குற வயரெல்லாம் எது எங்க போகுதுன்னு அக்காவுக்குத்தான் தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டரப் பத்தியும் சொல்லிரணும். பள்ளிக்கூடத்துக்குன்னே ஒரு கம்பெனி போட்ட மாடல் அது. வெலையும் கம்மி, வேகமும் கம்மி. கம்பெனி வச்ச பேரு ஒருத்தர் வாயிலயும் நொழையல. எங்க பக்கம் எல்லாரும் சின்னப் பெட்டின்னே சொன்னோம். சுவிட்சப் போட்டுட்டுப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்தா அப்பத்தான் படம் வந்திருக்கும். ஆனா தாங்கும். தூசி, சாரல், பிள்ளைக அடிக்கிற அடி, எல்லாத்தையும் தாங்கும். வாயால நான் ஆயிரம் திட்டியிருக்கேன், மனசுக்குள்ள அந்தப் பெட்டிமேல எனக்கு ஒரு மரியாதை உண்டு.

ஒரு ஆடி மாசம் சாரல் விடாம அடிச்சு, மூடுபனி ரூமுக்குள்ளயே வந்து நின்னுச்சு. ஒரு பெட்டி எந்திரிக்கல. நான் போறதுக்குள்ள அக்கா தானே திருகாணியக் கழட்டி, உள்ள இருந்த ஹார்ட் டிஸ்க்க எடுத்து, குண்டு பல்பு வெளிச்சத்துல ரெண்டு நாளா உணத்தி வச்சிருக்கு. நான் உள்ள நொழைஞ்சதும் அத எடுத்துக் காதுகிட்ட வச்சுக் குலுக்கிக் காட்டுச்சு. நல்லா கலகலன்னு கேக்குது பாரு, காஞ்சிருச்சுன்னு மொகமெல்லாம் சிரிப்பு. ஏலக்காய அப்படித்தான் பாப்பாக. உள்ள அரிசி, அதான் வெதை, குலுங்குற சத்தம் கேட்டா உணந்துருச்சுன்னு அர்த்தம்.

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். "அக்கா, காய் குலுங்குனாக் காஞ்சது. இது குலுங்குனாச் செத்தது"ன்னேன். வெளையாட்டாத்தான் சொன்னேன். அக்கா மொகத்துல இருந்த சிரிப்பு அப்படியே போச்சு. அந்த டிஸ்க்க ஒரு துண்டுல சுத்தி அலமாரியில வச்சுச்சு. நான் எப்பப் போனாலும் அத எடுத்துக் குடுத்து, இன்னொருக்காப் போட்டுப் பாரு தாயிங்கும். நானும் போட்டுப் பாப்பேன். எங்கிட்டு ஓடும்? அஞ்சாவது தடவையோ ஆறாவது தடவையோதான், சரி போகட்டும்னு வாங்கி வச்சுக்கிருச்சு.

இன்னொன்னும் ஞாபகம் வருது. மைனா ஒன்னு கண்ணாடி ஜன்னல்ல மோதி வாசல்ல விழுந்துச்சு. கழுத்து ஒடிஞ்சு தொங்குது, பாத்தாலே தெரியுது. பிள்ளைக வேப்பமரத்தடியில குழி தோண்டிட்டாக. அக்கா குடுக்கமாட்டேன்னுருச்சு. மத்தியானம் பூரா உள்ளங்கையில வச்சுக்கிட்டு வேலையெல்லாம் ஒத்தக் கையால பாத்துச்சு. பாக்குற எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. சாயங்காலம் பிள்ளைகள அதுவே கூப்பிட்டு, இப்பப் பொதைங்கடான்னு குடுத்துச்சு.

இது காய் உணத்துற பழக்கம் மட்டும் இல்லன்னு எனக்கு அப்பவே தட்டுச்சு. ஆனா கேக்கல. அக்காவே ஒரு நாள் சொல்லுச்சு. மழைக்கு ஜீப்பு வரல. ரெண்டு பேரும் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டோம். ஏக்கா, நீ மேல தோட்டத்துக்குப் போயிருந்தா இதவிட நல்லாச் சம்பாதிக்கலாமேன்னு நான் ஏதோ பேச்சுவாக்குல கேட்டுட்டேன்.

அக்கா வீட்டுக்காரரு ஒரு அடைமழைக்காலத்துல, குளிருக்கு ஸ்டோருக்குள்ளயே படுத்திருக்காரு. புகைக்குழாயில எங்கயோ ஓட்டை. கதவு, சன்னல் எல்லாம் சாத்திக் கெடந்திருக்கு. காலையில தொறந்து பாத்தவுக போயிட்டாருன்னாக. அக்கா தொட்டுப் பாத்திருக்கு. உடம்பு சூடா இருந்துச்சாம். உசுரு இருக்கு, உசுரு இருக்குன்னு கத்தி, ஜீப்புல தூக்கிப் போட்டு, தலைய மடியில வச்சுக்கிட்டு மலைப்பாதையில மெட்டு எறங்கி வந்திருக்கு. கம்பளி போத்தி இருந்ததுனால கீழ வந்து சேர்ற வரைக்கும் சூடு போகல. ஆஸ்பத்திரியில டாக்டரு பாத்துட்டு, உசுரு போயி பல மணி நேரம் ஆச்சும்மா, அது அவரு சூடு இல்ல, ஸ்டோர்ல இருந்து வந்த சூடுன்னு சொல்லியிருக்காரு. கையில காயிதத்தக் குடுத்துக் கையெழுத்துக் கேட்டிருக்காக. அறுத்துப் பாக்குறதுக்கு.

"போட்டுட்டேன் தாயி. ஒரு கையில அவுக கையப் பிடிச்சிருக்கேன், சூடாத்தான் இருக்கு. மறுகையில கையெழுத்துப் போட்டேன். ஆறுற வரைக்கும் பொறுங்கன்னு சொல்ல எனக்குத் தோணலையே."

அழல. மழை பேயுறதச் சொல்ற மாதிரித்தான் சொல்லுச்சு. எத்தனையோ ராத்திரி இந்த நெனப்புலயே எந்திரிச்சு உக்காந்திருதேன்னு சொல்லுச்சு. இனி அந்த மெட்டு ஏறுறதில்லன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் இந்தப் பள்ளிக்கூட வேலைக்கு வந்துச்சாம். அதுக்கப்புறம் ஜீப்பு போனாலும் நான் கத்துறதில்ல. நானும் ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிருவேன்.

இப்படி இருக்கையிலதான் கம்பெனிகிட்டயிருந்து கடைக்கு லெட்டர் வந்துச்சு. சின்னப் பெட்டிய நிறுத்திட்டோம், இனிமே அந்த மாடல் வராது, உதிரி பாகமும் அனுப்பமாட்டோம், பள்ளிக்கூடங்க பழசக் குடுத்துட்டுப் புதுசா லேப்டாப்பு எடுத்துக்கிட்டா தள்ளுபடி உண்டுன்னு எழுதியிருந்தாக. தப்புன்னு சொல்லமுடியாது. புதுப் பாடத்துக்கு உண்டான சாப்ட்வேர் எதுவும் அதுல ஏறல. காலம் முடிஞ்ச பெட்டிதான். எங்க ஓனரு அந்த லெட்டரப் பாத்துட்டுக் குதிச்சாரு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயிப் பேசி முடிச்சாரு.

அக்கா பள்ளிக்கூடத்துல மட்டும் ஒரு சிக்கல். அங்க பதிவேட்டுல ஏறின பொருளச் சும்மா தூக்க முடியாது. கண்டம் பண்ணணும். அதாவது, இது இனி ஆகவே ஆகாது, சரி பண்ண முடியாதுன்னு சர்வீஸ் ஆளு எழுதணும், ரூமுக்குப் பொறுப்பா இருக்குற ஆளும் கீழ கையெழுத்துப் போடணும். தலைமையாசிரியரு நல்ல மனுசன். லேப்டாப்பு வந்தா என் ரூமு பீரோவுல வச்சுப் பூட்டிக்கிருவேன், கம்ப்யூட்டர் ரூமு தேவப்படாது, அந்தம்மாவுக்கும் வேலை இருக்காதுன்னு எங்கிட்ட வெளிப்படையாவே சொன்னாரு. ஓடுற பெட்டி அஞ்சு தேறுச்சுன்னாக்கூடச் சொல்லும்மா, அத வச்சுச் சின்னப் பிள்ளைகளுக்கு ரூம நடத்துவோம், அந்தம்மாவும் இருந்துட்டுப் போகட்டும்னாரு. அக்காவுக்கும் இது தெரியும். இது போச்சுன்னா நான் மெட்டு ஏறித்தான் ஆகணும் தாயின்னு ஒரே ஒரு தடவ சொல்லுச்சு.

தள்ளுபடி முடியிறதுக்கு முந்துன நாளு நான் லோடு வண்டியோட போனேன். வழியில இன்னும் ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் பெட்டி ஏத்தணும். அக்கா அங்க இல்ல. பரீட்சைப் பேப்பரு வாங்கியாறச் சொல்லிப் போடிக்கு அனுப்பிட்டாக. நான் வரிசையா ஒவ்வொன்னாப் போட்டுப் பாத்தேன். ஆறு பாத்தேன். அதுல மூணு ஓடுச்சு. டீ குடிக்கிற நேரம் எடுத்துக்கிட்டு, எப்பவும் போலத் தெவங்கித் தெவங்கி, ஆனா ஓடுச்சு. இன்னும் எட்டு பாக்கணும். அதுல ரெண்டு தேறுனாப் போதும், அக்காவுக்கு வேலை நிக்கும்.

அப்பப் பாத்து ஓனரு போன் போட்டாரு. அஞ்சு ஓடுதுன்னு எழுதுனா இந்த யாவாரம் போச்சு, ஒன்ன நான் வச்சுக்கிட்டு என்ன பண்றது, எழுதிக் குடுத்துட்டு வெரசா வான்னாரு. நான் ஏழாவது பெட்டிக்கு வயரச் சொருகி வச்சிருந்தேன். சுவிட்சப் போடல. உருவிட்டேன். பதினாலும் ஆகாதுன்னு எழுதினேன். ஓடுன மூணையும் சேத்துத்தான் எழுதினேன். அந்த நேரம் எனக்கு என்ன தோணுச்சுன்னா, இன்னைக்கு இல்லாட்டி இன்னும் ரெண்டு வருஷத்துல இது போகத்தான போகுதுன்னு தோணுச்சு. இப்ப யோசிச்சா, அந்த ரெண்டு வருஷம் அக்காவோடது. அத வேணாம்னு சொல்ல நான் யாரு?

வாசப்பக்கம் ஜீப்புச் சத்தம் கேட்டுச்சு. அக்கா உள்ள வந்து, காயிதத்தப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. எல்லாத்தையும் சோதிச்சயா தாயின்னு கேட்டுச்சு. சோதிச்சாச்சுக்கான்னேன். நேரா போயி பெட்டிக மேல பொறங்கைய வச்சுச்சு. ஒன்னு, ரெண்டு. மூணாவதுல கை நின்னுருச்சு.

"இது சூடா இருக்கே தாயி."

அந்தப் பெட்டி ஜன்னல் ஓரத்துல இருந்துச்சு. "வெயில் பட்டு இருக்குக்கா. அது பெட்டியோட சூடு இல்ல"ன்னேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஒறைச்சுச்சு. அக்கா கைய எடுக்கல. ரொம்ப நேரம் எம் மொகத்தையே பாத்துச்சு. "செத்ததுலயும் சூடு நிக்குமா தாயி? நீ படிச்ச புள்ள, நெசமாச் சொல்லு"ன்னு கேட்டுச்சு. நிக்கும்க்கான்னு சொன்னேன். அவ்வளவுதான். பேனாவ வாங்கிக் கையெழுத்துப் போட்டுச்சு. ஆறட்டும்னு ஒரு வார்த்த சொல்லல. யாரு பேச்சையும் நம்பாம கைய வச்சுப் பாக்குற பொம்பள, எம் பேச்ச நம்பிருச்சு.

பெட்டிகள லோடு வண்டியில ஏத்துனோம். அந்தத் துணி பதினாலையும் அக்கா மடிச்சுத் தலைமையாசிரியர்கிட்டக் குடுத்துட்டு, என்கூடவே வண்டியில போடி வரைக்கும் வந்துச்சு. மறு மாசம் மேல தோட்டத்துக்குப் போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். காய் பெறக்குற வேலை. அதே தோட்டமான்னு நான் விசாரிக்கல, விசாரிக்கப் பயம்.

கடைக் குடோன்ல வச்சு அந்தப் பதினாலையும் போட்டுப் பாத்தேன். ஏன் பாத்தேன்னு கேக்காதீங்க, பாக்காம இருக்க முடியல. ஒம்பது ஓடுச்சு. ஒம்பது! ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. ஓனரு எல்லாத்தையும் பழைய சாமான் எடுக்குறவருக்குத் தள்ளிவிட்டாரு. ஒன்ன மட்டும் நான் எடுத்துக்கிட்டேன்.

அப்புறம் அந்தக் கடையையும் மூடிட்டாக. நான் பஸ்ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். அந்தச் சின்னப் பெட்டிதான் இன்னைக்கும் அங்க ஓடுது. மேசைக்கு அடியில, என் காலுகிட்ட. ஆதாரு, பட்டா, சிட்டா எடுக்குறதுக்கு அது போதும். புதுசு வாங்கச் சொல்லி எம் வீட்டுக்காரரு தெனமும் சண்டை போடுறாரு. என்னால அத அணைச்சுக் கழட்டி வெளிய வைக்க முடியாது. தொடவும் முடியாது. சுவிட்சக் கால் கட்டைவெரலாலதான் அமுக்குறேன். காலையில கடையத் தொறந்ததும் அது உர்ருனு எந்திரிக்கிற சத்தம் கேட்டா, அன்னைக்குப் பாக்காம விட்ட ஏழாவது பெட்டி நெனப்புத்தான் வரும்.

போன மாசம் அக்கா வந்துச்சு. முடி முக்காவாசி வெளுத்துப் போச்சு, வெரலெல்லாம் காய்க்கறை. ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்திருக்கு. நான் கடை வச்சிருக்கது அக்காவுக்குத் தெரியாது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னு, என்னையக் கண்டுக்கிட்டுக் கையப் பிடிச்சுக்கிருச்சு. நல்லாருக்கியா, பிள்ளைக எத்தனை, எல்லாம் கேட்டுச்சு. நான் மெஷின்ல கார்ட வச்சுட்டு, பெட்டி தெரியாதபடிக்கு நாக்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டேன். அக்கா நின்ன எடத்துலேர்ந்து அது தெரியாது.

மேல எப்படிக்கா இருக்கன்னு கேட்டேன். நல்லாருக்கேன்னுச்சு. அதே தோட்டந்தானாம். அந்த ஸ்டோருக்குள்ளயும் போயி வேலை பாக்குதாம். முன்னல்லாம் அந்தப் பக்கம் திரும்புனாலே குலை நடுங்கும், இப்ப இல்லன்னுச்சு. அப்புறம் கொரலக் கொறைச்சுக்கிட்டுக் கேட்டுச்சு.

"அந்தப் பெட்டியில ஒன்னாச்சும் பெறகு ஓடுச்சா தாயி?"

எத்தனையோ தடவ மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வச்சிருந்த வார்த்தை எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. மன்னிச்சிருக்கான்னு கால்ல விழுந்துரலாம்னுதான் இருந்தேன். அக்காவே பேசிருச்சு.

"அன்னைக்கு நீ சொன்னேல்ல, செத்ததுலயும் சூடு நிக்கும்னு. டாக்டரு சொன்னப்ப நான் நம்பல, அவுகளுக்கு என்ன, அவசரம். நீ எனக்குப் பொய் சொல்ல மாட்டேல்ல. அன்னைக்குத்தான் தாயி எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. அப்பயும் ஒரு சந்தேகம் அப்பப்ப அரிக்குது. அதான் கேட்டேன்."

ஒம்பது ஓடுச்சுன்னு நான் சொன்னா, அது பெட்டிக்கணக்கா நிக்குமா? சூடா இருந்தது உசுரோடதான் இருந்துச்சுன்னு ஆயிரும். அந்த மெட்டு எறங்குன ஜீப்பும், மடியில இருந்த தலையும், கையெழுத்தும் எல்லாம் மறுபடி மொதல்லேர்ந்து வந்து நிக்கும். நான் உண்மையச் சொல்லி என் பாரத்த எறக்கி வச்சுட்டு, அதத் தூக்கி அக்கா தலையில வைக்கணும்.

"ஒன்னுகூட ஓடலக்கா"ன்னேன்.

அக்கா மூச்ச விட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு. அப்பச் சரின்னு சொல்லிட்டு, நகல மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, ஜீப்புக்கு நேரமாச்சுன்னு போயிருச்சு. மெட்டுக்குப் போற ஜீப்பு திரும்புற வரைக்கும் நான் பாத்துக்கிட்டே நின்னேன். பின்னால வரிசையில நின்ன ராசிங்காபுரத்துக்காரரு, பட்டா ஒன்னு எடுக்கணும்மா, சீக்கிரம்னாரு. உக்காந்து எடுத்துக் குடுத்தேன்.